பாட்டி எடுத்த பெரட்டு

ஃபாதர் அவர்களே, பாட்டியின் முதலாண்டு நினைவுப் பூசைக்கு வந்திருக்கும் சுங்கை சிப்புட் உறவுகளே, எல்லாருக்கும் வணக்கம். பசியாறிவிட்டுப் பேசலாமே என்று ஃபாதர் சொன்னார். பசியாறிவிட்டால் பாதிப் பேர் கிளம்பிவிடுவீர்கள். அதனால் முதலிலேயே பேசிவிடுகிறேன்.

ரப்பர்த் தோட்டத்தில் இருந்தவர்களுக்குப் பெரட்டு தெரியும். விடிவதற்கு முன்பே ஆபீஸ் வாசலில் வரிசையாக நிற்க வேண்டும், பேர் கூப்பிடுவார்கள். ஆள் இல்லையென்றால் அன்றைய சம்பளம் போச்சு. காய்ச்சலா, பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா என்று அந்தப் புத்தகம் கேட்காது. பாட்டி முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வரிசையில் நின்றுவிட்டுப் பால்மரம் சீவப் போனவர்.

பிற்பாடு அவரே இந்தக் கோவிலில் ஒரு பெரட்டு எடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாது, புத்தகமும் கிடையாது. கடைசி வரிசையில் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து, யார் வரவில்லை என்று கண்ணாலேயே எண்ணுவார். பக்தியில் மூழ்கியிருக்கிறார் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். (பிரசங்க நேரத்தில் தூங்கவும் செய்வார். ஃபாதர் மன்னிக்க வேண்டும்.) திங்கட்கிழமை சாயங்காலம் தூக்குச் சட்டியில் கஞ்சி, ஒரு கிண்ணத்தில் நெத்திலிச் சம்பல், இரண்டையும் எடுத்துக்கொண்டு வராதவர் வீட்டு வாசலில் நிற்பார். "ஏன் பூசைக்கு வரலை?" என்று கேட்டு நான் பார்த்ததே இல்லை. "சாப்பிட்டியா?" என்றுதான் கேட்பார்.

அந்தத் தூக்குக்கு ஒரு கதை இருக்கிறது. 1948 ஜூன் 16ஆம் தேதி நம் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமாரைக் கம்யூனிஸ்ட்டுகள் சுட்டுக் கொன்றார்கள். மலாயா முழுவதும் அவசரகாலம் வந்தது. அது முடிய 1960 ஆனது. அவசரகாலம் தொடங்கியபோது பாட்டிக்குப் பத்து வயது. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்ட்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று தொழிலாளர் குடியிருந்த லயத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டார்கள். அரிசிக்கு அளவு வைத்தார்கள். வேலைக்குப் போகிறவர்களை வாசலிலேயே நிறுத்திச் சோதித்தார்கள். சோற்றை வெளியே கொண்டுபோகக் கூடாது. பசியோடு மரம் சீவிவிட்டு வந்த அம்மாவின் முகத்தைப் பாட்டி கடைசிவரை மறக்கவில்லை. "கையில சோத்தோட வாசலைத் தாண்டினா யாரும் பிடிக்கமாட்டாங்கன்னு தெரிஞ்சதும் எனக்குக் காலு நிக்கலடி" என்பார்.

எண்ணுகிற பழக்கம் எப்போது வந்தது என்றும் ஒருமுறை சொன்னார். 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்றானது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பலருக்கு வேலை போனது. லயத்திலிருந்து குடும்பம் குடும்பமாகப் பினாங்குக்குப் போய், இந்தியாவுக்குப் போகும் ரஜூலா கப்பல் ஏறினார்கள். பாட்டியின் அக்காவும் போய்விட்டார். மறுநாள் காலைப் பெரட்டில் அக்கா பேர் வர வேண்டிய இடத்தில் அடுத்த பேரைக் கூப்பிட்டார்களாம். "ஒரு மூச்சு விடக்கூட நிக்கலடி" என்றார். அதைச் சொன்னபோது அவர் அழவில்லை, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கோவிலுக்கு அவர் செய்த மற்ற வேலைகள் உங்களுக்கே தெரியும். பீடத் துணி துவைத்தது, குருத்தோலை ஞாயிறுக்கு ஓலை சேகரித்தது, திருநாள் அன்னதானத்துக்கு அண்டா கழுவியது. சண்டையும் உண்டு. பாடகர் குழுவில் கிட்டார் வந்தபோது மூன்று மாதம் அவர்களோடு பேசவில்லை. லத்தீன் பூசை போய்த் தமிழ்ப் பூசை வந்ததை மட்டும் உடனே ஏற்றுக்கொண்டார். "அதுக்கு முன்னாடி சாமி என்ன சொல்றாருன்னே தெரியாது, நாங்க பாட்டுக்குச் செபமாலை சொல்லிட்டிருப்போம்" என்பார். ஞாயிறு பூசை முடிந்ததும் லாட்டரி வாங்க நம்பர் கடைக்குப் போனதையும் சொல்லிவிடுகிறேன். இறந்தவர்களைப் பற்றி நல்லதுதான் சொல்ல வேண்டுமாம். இரண்டு முறை அடித்திருக்கிறது, அது நல்லதுதானே.

வருஷா வருஷம் ஜூலை 26 திருநாளுக்குப் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோவிலுக்குப் பஸ் பிடிப்பார். பேரப்பிள்ளைகள் ஐந்து பேரையும் இழுத்துக்கொண்டு போவார். எங்கள் அம்மா ஈப்போவில் ஃபேக்டரி வேலைக்குப் போனதால் எங்களை வளர்த்தது பாட்டிதான். தலைவாரி, மைலோ கலக்கி, தமிழ்ப் பள்ளி வாசல் வரை கொண்டுவிட்டவர். ஏன் மாதாவிடம் கேட்காமல் அன்னம்மாளிடம் கேட்கிறீர்கள் என்றேன். "அவங்க இயேசுவுக்குப் பாட்டிடி. பாட்டி சொன்னா வீட்ல யாரு தட்டுவா?" என்றார். 2021இல் போப்பாண்டவர் பிரான்சிஸ் ஜூலை நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டிகளுக்கென்று ஒதுக்கினார். அதைச் சொன்னபோது, "அன்னிக்காவது வேற யாராச்சும் சமைப்பாங்களா?" என்று கேட்டார். அந்த ஞாயிறும் அவர்தான் சமைத்தார்.

சாவு வீட்டுக் கூட்டத்தில் அந்தத் தூக்குச் சட்டி காணாமல் போய்விட்டது. மூடியில் ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். அலமாரி, கட்டிலடி, கோழிக்கூடு எல்லாம் தேடினேன். வேறு எதற்கும் அவ்வளவு அழவில்லை.

போன மாதம் வேலை அதிகமாகி இரண்டு ஞாயிறு நான் கோவிலுக்கு வரவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் வாசலில் மோட்டார் சத்தம். பின் லயத்து அத்தை, பேரன் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து வந்திருந்தார். இங்கேதான் மூன்றாவது வரிசையில் இருக்கிறார், பேர் சொன்னால் கோபித்துக்கொள்வார். உள்ளே வரவில்லை. "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுத் தூக்கை நீட்டினார். மூடியில் அந்த நசுங்கல்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கஞ்சியை ஊற்றிக்கொண்டு தூக்கைக் கழுவினேன். வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாதே, இரண்டு கைப்பிடி சீனி போட்டு மூடிக் கொடுத்தேன்.