வீட்டிலேயே ஒரு 44நெட் கேட்வே: பாக்கெட் எங்கே தொலையுது?

[திரையில்: ரவுட்டர், பக்கத்தில் ஒரு ராஸ்பெரி பை]

44-ல ஆரம்பிக்கிற ஐபி அட்ரஸ் கூட்டத்துக்குப் பேர்தான் 44நெட். அது எல்லாமே ஒரு காலத்துல ஹாம் ரேடியோக்காரங்களுக்குத்தான், அதாவது லைசென்ஸ் வாங்கி பொழுதுபோக்கா ரேடியோ இயக்குறவங்களுக்கு. 1981-ல ஹாங்க் மக்னுஸ்கிங்கிற அமெரிக்க ஹாம் கேட்டு வாங்கினது. மொத்தம் 1 கோடியே 67 லட்சம் அட்ரஸ். 2019-ல கால் பங்கு அமேசானுக்கு விலைபோச்சு. மீதி முக்கால் பங்கு இன்னும் நம்மகிட்ட இருக்கு. லைசென்ஸ் உள்ளவங்களுக்கு இலவசம். இவ்வளவு பெரிய சொத்து இருக்கிறதே நம்மில் பல பேருக்குத் தெரியாதுங்கிறதுதான் எனக்கு வருத்தம்.

இந்த அட்ரஸை வீட்டுக்குக் கொண்டுவர்ற வாசல்தான் கேட்வே. ராஸ்பெரி பைங்கிற சின்ன கம்ப்யூட்டரை (இனிமே சுருக்கமா 'பை') அப்படி ஆக்கப் போறோம். முதல்ல, 44நெட்டை நிர்வகிக்கிற ஏஆர்டிசிங்கிற அமைப்போட போர்ட்டல்ல உங்க கால்சைனை, அதாவது லைசென்ஸ்ல இருக்கிற அடையாளக் குறியைப் பதிவு பண்ணி, ஒரு சப்நெட், அதாவது அடுத்தடுத்த அட்ரஸ் கொண்ட ஒரு சின்னத் தொகுப்பு கேளுங்க. வீட்டுக்கு எட்டு அட்ரஸ் தாராளம்.

[திரையில்: ரவுட்டரின் வான் பக்கம்]

இப்ப ரவுட்டர்ல வான் (WAN) அட்ரஸை, அதாவது இன்டர்நெட் கம்பெனி உங்க ரவுட்டருக்குக் கொடுத்த அட்ரஸைப் பாருங்க. 100.64-லிருந்து 100.127-க்குள்ள இருந்தா, உங்களையும் இன்னும் பல வீடுகளையும் ஒரே பொது அட்ரஸுக்குப் பின்னாடி வச்சிருக்காங்கன்னு அர்த்தம். வெளியிலிருந்து டனல், அதாவது இன்டர்நெட் வழியா 44நெட் பாக்கெட்டைக் கொண்டுவர்ற பாதை, உள்ளே வராது. அப்படி மாட்டினவங்களுக்கு, ஏஆர்டிசியே தர்ற 44நெட் கனெக்ட்தான் வழி. அது வயர்கார்ட்ல, அதாவது செய்தியை மறைச்சு அனுப்புற ஒரு டனல் மென்பொருள்ல ஓடுது, சுலபம்.

பொது அட்ரஸ் இருக்கிறவங்க ஐபிஐபி டனல் போடலாம். கவருக்குள்ள கவர் வைக்கிற மாதிரி, ஒரு ஐபி பாக்கெட்டுக்குள்ள இன்னொண்ணு போகும். இது இன்டர்நெட்ல வழக்கமா ஓடுற டிசிபியும் இல்ல, யுடிபியும் இல்ல. புரோட்டோகால் நம்பர் 4. போர்ட்டே கிடையாது, அதனால போர்ட் ஃபார்வர்டிங் இதுக்கு உதவாது. ரவுட்டர்ல டிஎம்இசட்னு, வெளியிலிருந்து வர்றதையெல்லாம் ஒரே கருவிக்கு அனுப்புற அமைப்பு இருக்கும்; அதுல பையோட அட்ரஸைக் கொடுங்க. சில ரவுட்டர் அப்பவும் விடாது. அப்படின்னா ரவுட்டர் குறுக்கிடாம பொது அட்ரஸை நேரா பைக்கே விடுற பிரிட்ஜ் மோடுக்குப் போயிடுங்க.

[திரையில்: டிசிபிடம்ப் ஓடும் கருப்பு ஜன்னல்]

பாக்கெட் வருதான்னு பார்க்க, பைல வந்து போற பாக்கெட்டைக் காட்டுற டிசிபிடம்பை ஓட விட்டுக் காத்திருங்க. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோட சான் டியேகோ வளாகத்துல இருக்கிற மைய கேட்வே, எந்த அட்ரஸுக்கு எந்த வழின்னு சொல்ற ரூட் பட்டியலை அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை அனுப்பும். ஆம்பர்-ரிப்டிங்கிற புரோகிராம் அதைப் படிச்சு, மத்த ஹாம்களோட கேட்வேக்களுக்கு நேரடியா வழி போட்டுடும். வெறுமையா கிடந்த ரூட் டேபிள்ல நூத்துக்கணக்கான வரிகள் வந்து நிக்கும். எனக்கு ரொம்பப் பிடிச்ச கட்டம் இதுதான்.

முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கிறது இதுக்கு அப்புறம்தான். வெளியிலிருந்து பிங், அதாவது 'இருக்கியா'ன்னு கேக்குற சின்ன பாக்கெட் வருது, டிசிபிடம்ப்ல தெரியுது, பை பதிலும் அனுப்புது. ஆனா அனுப்பினவருக்குப் போய்ச் சேரலை. ஏன்? பதில் உங்க வீட்டு இன்டர்நெட் வழியா வெளியே போகப் பார்க்குது. மூல அட்ரஸ் 44-ல இருக்கு. இது நம்ம அட்ரஸ் இல்லையேன்னு இன்டர்நெட் கம்பெனி அதைத் தூக்கிப் போட்டுடுது. அது நியாயமான பாதுகாப்புதான். அதனால தனியா ஒரு ரூட் டேபிள் வச்சு, உங்க சப்நெட்லேர்ந்து கிளம்புற எதுவும் டனல் வழியாத்தான் போகணும்னு ஒரு விதி போடுங்க. டனலோட எம்டியூவை, அதாவது ஒரு பாக்கெட் எவ்வளவு பைட் வரை இருக்கலாம்கிற அளவை, 1480-ன்னு வைங்க. இல்லைன்னா பிங் ஓடும், பெரிய வலைப்பக்கம் பாதியில நின்னுடும்.

ஃபயர்வாலைத் தள்ளிப் போடாதீங்க. 44 அட்ரஸும் பொது அட்ரஸ்தான், தூரத்திலிருந்து பைக்குள்ள நுழையுற எஸ்எஸ்ஹெச் திறந்திருந்தா பாஸ்வேர்டைத் தட்டிப் பார்க்க ஆள் வரிசையா வந்துடும். டனல் பக்கம் எல்லாத்தையும் மூடிட்டு, வேணும்கிறதை மட்டும் திறங்க. இந்தப் பாதையை ரேடியோவோட இணைக்கும்போது உங்க லைசென்ஸ் விதிகளைப் படிச்சுடுங்க: இன்டர்நெட்ல வயர்கார்ட் சரி, ஆனா ஹாம் அலைவரிசையில செய்தியை மறைச்சு அனுப்பக் கூடாது.