பந்தைப் பூட்டி வைக்காதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் விடியற்காலையில் ஏதாவது ஒரு மைதானத்துப் பக்கம் போயிருக்கிறீர்களா? கால்பந்துப் பயிற்சிக்கு வந்த பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் வரிசையாக ஓடிக்கொண்டிருப்பார்கள். நடுவில் ஒருவர் விசிலோடு நிற்பார். பந்து எங்கே? ஸ்டோர் ரூமில், வலைப்பைக்குள், பூட்டுக்குப் பின்னால். "ஒரு வாரம் ஓடுங்க, அப்புறம்தான் பந்து." ஜூலை, ஆகஸ்டில் பள்ளிகளுக்கிடையே நடக்கும் குறுவட்டப் போட்டி வந்துவிடும், அதற்குள் பையன்களுக்கு ஓடும் தெம்பு வர வேண்டும் என்று அவருக்குக் கவலை. நியாயமான கவலைதான். ஆனால் பந்தைப் பூட்டி வைத்து அதைச் சாதிக்க முடியாது. இந்த உரையில் நான் இதையே மூன்று நான்கு முறை சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாரையும் குறை சொல்ல வரவில்லை. அப்படி விசிலோடு நின்றவர்களில் நானும் ஒருவன். வடசென்னையில் வியாசர்பாடிப் பக்கம் வளர்ந்தவன். கேரம், குத்துச்சண்டை, கால்பந்து மூன்றில் ஒன்றாவது ஒட்டிக்கொள்ளாமல் அங்கே யாரும் வளர முடியாது. எனக்கு ஒட்டிக்கொண்டது கால்பந்து. பயிற்சி கொடுக்க ஆரம்பித்த முதல் ஜூனில், திங்கட்கிழமை 32 பையன்கள் வந்தார்கள். பத்து ரவுண்டு ஓடவிட்டேன். செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு ரவுண்டு. வெள்ளிக்கிழமை எண்ணிப் பார்த்தால் 14 பேர். ஒருவனுக்கு வயிற்றுவலி, ஒருவனுக்கு ஊரிலிருந்து பாட்டி வந்திருக்கிறார். அந்த ஒரு வாரத்தில் வியாசர்பாடிக்கு எத்தனை பாட்டிகள் வந்து இறங்கினார்கள் என்று கணக்கே இல்லை!

அன்று சாயங்காலம் சைக்கிளில் வீட்டுக்குப் போகிறேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரே கூச்சல். எட்டிப் பார்த்தால், வயிற்றுவலிக்காரன், பாட்டி வந்தவன் எல்லாரும் அங்கே கல்லா மண்ணா ஆடிக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவது ரவுண்டிலேயே விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த ஒரு பையன் இருந்தான். அவன் பாய்கிறான், சட்டென்று நிற்கிறான், உடம்பை வளைத்துத் திரும்புகிறான், மறுபடி பாய்கிறான். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு முக்கால் மணி நேரம் பார்த்தேன். ஒருவன்கூட உட்காரவில்லை. கடைசியில் அவன்தான் என்னைப் பார்த்தான். கொஞ்சம் பயந்துபோய், "மாஸ்டர், நாங்க ஓடல மாஸ்டர், விளையாடுறோம்" என்றான்.

கால்பந்தில் யார் ஒரே வேகத்தில் வட்டமாக ஓடுகிறார்கள், சொல்லுங்கள். பத்து அடி பாய்ச்சல், ஒரு நிறுத்தம், ஒரு திருப்பம், கொஞ்சம் நடை, திரும்பவும் பாய்ச்சல். நான் பத்து ரவுண்டில் தேடியது தொட்டிக்குப் பின்னால் இலவசமாக நடந்துகொண்டிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை மைதானத்தின் குறுக்கே ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டேன். இந்தப் பக்கம் கல், அந்தப் பக்கம் மண். ஆட்டம் உங்களுக்குத் தெரியும். பிடிப்பவன் மண் கேட்டால் மண் அவனுடைய எல்லை, மற்றவர்கள் கல்லில் நிற்க வேண்டும், அவனைச் சீண்டுவதற்கு மண்ணில் இறங்கி ஓடிவரலாம். நான் சேர்த்தது ஒன்றே ஒன்று. இறங்கும்போது காலில் பந்தோடு இறங்க வேண்டும், பந்தோடே திரும்ப வேண்டும். பந்தை அவன் தட்டிவிட்டால் அடுத்துப் பிடிப்பவன் நீ. ஆளுக்கொரு பந்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நான் பாதிப் பேருக்கு ரப்பர் பந்து கொடுத்தேன். அந்த வாரக் கடைசியில் பாட்டிகள் எல்லாரும் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள்.

கோடுகளில் நின்று எதிரணியை மறிக்கும் கிளித்தட்டு ஆடியிருந்தால் டிஃபென்ஸ் பாதி கற்றுக்கொண்ட மாதிரி. கோட்டை விட்டு விலகக்கூடாது, பக்கத்துக் கோட்டுக்காரன் எங்கே நிற்கிறான் என்று ஒரு கண் இருக்க வேண்டும். அதைப் பந்தோடு எப்படி ஆடுவது என்பதைப் படம் போட்டால்தான் விளக்க முடியும், அதனால் விட்டுவிடுகிறேன்.

ஆட்டம் வைத்தாலும், சின்னப் பிள்ளைகளைப் பதினொன்றுக்குப் பதினொன்று என்று முழு மைதானத்தில் இறக்காதீர்கள். 22 பேருக்கு ஒரு பந்து என்றால் ஓரத்தில் நிற்பவன் காக்காயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். நாலுக்கு நாலாகப் பிரித்து, செருப்பை வைத்து கோல் கட்டுங்கள். எல்லார் காலிலும் பந்து படும். பந்தும் பெரிய ஐந்தாம் நம்பர் வேண்டாம். அதன் எடை 410 முதல் 450 கிராம். எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வரை நான்காம் நம்பர் போதும், அதற்கும் சின்னவர்களுக்கு மூன்று.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கத்திரி முடிந்தாலும் சென்னையில் ஜூன் முழுக்கக் காய்ச்சும். அந்த வெயிலில் ஓடியாடினால் குழந்தைகளுக்கு உடம்பு சூடேறிவிடும். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் கால் மணிக்கு ஒருமுறை நிழலில் நிறுத்தித் தண்ணீர் கொடுங்கள். சட்டென்று உயரும் வயதில் ஒரு பிள்ளை முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கிறது என்றாலோ, குதிகால் வலி என்றாலோ, அதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். வளரும் எலும்பில் தசைநார் இழுப்பதால் வரும் வலி அது. லீவு முழுக்கச் சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் கட்டாந்தரையில் பத்து ரவுண்டு ஓடினால் அந்த வலி கூடத்தான் செய்யும். பார்த்தீர்களா, திரும்பவும் பத்து ரவுண்டுக்கே வந்துவிட்டேன்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம்தானாம். சரி, வேகமாகச் சொல்கிறேன். பதிமூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கென்றே 'ஃபிஃபா 11 பிளஸ் கிட்ஸ்' என்று ஏழு பயிற்சிகள் உண்டு. ஒற்றைக்காலில் நின்று பந்தைப் பிடிப்பது, பக்கவாட்டில் தாவுவது, அடிபடாமல் விழுந்து உருள்வது. பிள்ளைகளுக்கு அதெல்லாம் சர்க்கஸ் மாதிரி இருக்கும். ஐரோப்பாவில் நாலு நாடுகளில் சோதித்து 2018-ல் வெளியிட்டார்கள், காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. இருபது நிமிட வேலை. ஆட்டத்துக்கு முன்னால் அதைச் செய்யவிடுங்கள்.

பெற்றோருக்கென்று இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். இப்போது ஒரு விரல்தான் தெரிகிறது. அம்மா, அப்பா, வேலிக்கு வெளியே நின்று "பாஸ் குடுடா" என்று கத்தாதீர்கள். நாளைக் காலை பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் கொடுங்கள். அந்த ஸ்டோர் ரூம் சாவி யாரிடம் இருக்கிறது என்றும் கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள். வணக்கம்.