பையைக் காக்கிறவர்களுக்குப் பாடுகிறவள்

நாகர்கோவில் வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். இந்த நிலையம் தொடங்கின 1984-ல்தான் நானும் பிறந்தேன், அதனால் ஒன்றாய்ப் படித்தவள் வீட்டுக்கு வந்த மாதிரிதான் இருக்கிறது. என்னை என்ன சொல்லி அறிமுகம் செய்யட்டும், மெல்லிசைப் பாடகி என்று போடலாமா என்று கேட்டார்கள். வேண்டாம், தீம் பார்க்கில் பாடுகிறவள் என்றே சொல்லுங்கள் என்றேன். "அங்கே பாட்டெல்லாம் உண்டா அக்கா?" என்றார் அந்தத் தம்பி. இருபது வருசமாக என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். பார்க்குக்குப் போய் நாலு மணி நேரம் என் பாட்டுக்குள்ளேயே ஓடி விளையாடிவிட்டு வந்தவர்கள்கூடக் கேட்டிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வருவதில்லை. அந்த வேலையே அப்படித்தான்.

நான் குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர்க்காரி. அப்பா கடலுக்குப் போவார், அம்மை மீன் சுமந்து விற்பாள். பாட்டு வந்தது கோயில் பாடகர் குழுவில், ஞாயிற்றுக்கிழமை பூசையில். பிளஸ் டூ முடிந்ததும் கானமேளாவுக்குக் கூப்பிட்டார்கள். நம்ம மாவட்டத்திலேயே இதற்கு இரண்டு பெயர் உண்டு. விளவங்கோடு, கல்குளம் பக்கம் கானமேளா என்பார்கள், அகஸ்தீஸ்வரம் பக்கம் போனால் கச்சேரி. 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மண்தானே, பாட்டிலும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. மார்த்தாண்டம் தாண்டி மேடை ஏறினால் பத்துப் பாட்டில் நாலு மலையாளம் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் கீழே இருந்து ஒரு அண்ணன் எழுந்து கேட்டுவிடுவார். அந்த அண்ணன்களால்தான் எனக்கு மலையாளம் வந்தது, அந்த மலையாளத்தால்தான் பார்க் வேலை கிடைத்தது.

2004-ல் சேர்ந்தேன். நம்ம மாவட்டத்தில் தண்ணீர் விளையாட்டெல்லாம் உள்ள ஒரு பார்க், பெயர் இங்கே வேண்டாம். ஒரு நாளைக்கு 250 ரூபாயும் மதியச் சாப்பாடும். அரை மணி நேரம் வீதம் நாலு தடவை பாட வேண்டும், லீவு நாள் என்றால் ஆறு தடவை. கீபோர்டு ஒருவர், ரிதம் பேடு ஒருவர், தபேலா ஒருவர், நான். முதல் நாள் நல்ல பட்டுப்பாவாடை தாவணி, தலை நிறைய பிச்சிப்பூ, கானமேளாவுக்குப் போகிற மாதிரியே போய் நின்றேன். முன்னால் அறுபது நாற்காலி, அதில் பத்துப் பேர். சரி, பாடப் பாட வருவார்கள் என்று ஆரம்பித்தேன். பல்லவி முடிந்து சரணத்துக்கு மூச்சு எடுக்கிறேன், ஒரு சைரன் அடித்தது பாருங்கள், அந்தப் பத்துப் பேரில் ஏழு பேர் எழுந்து ஓடினார்கள். நான் பயந்தே போனேன். கீபோர்டு அண்ணன் வாசிப்பை நிறுத்தாமலேயே, "அலை வருது மக்களே, நீ பாடு" என்றார்.

அலைக் குளம் என்று ஒன்று உண்டு. அதில் நாள் முழுக்க அலை அடிக்காது, ஒரு தடவை ஓட்டி நிறுத்தி, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி ஓட்டுவார்கள். ஓட்டுவதற்கு முன்னால் சைரன். பார்க்கில் பாடக் கற்றுக்கொள்வது என்றால் முதலில் அந்த நேரத்தைக் கற்றுக்கொள்வதுதான். சைரனுக்கு முன்னால் குத்துப்பாட்டை முடித்துவிட வேண்டும். அலை அடிக்கும்போது மெதுவான பாட்டு, யாரும் கேட்கப்போவதில்லை, தொண்டைக்கு ஓய்வு. அலை நின்று சனம் ஈரத்தோடு குளிரில் நடுங்கி மேலே ஏறுகிற அந்த ஐந்து நிமிசம்தான் பொன்னான நேரம். அப்போது பிடித்தால் நாற்பது பேராவது நிற்பார்கள். கைதட்டை எதிர்பார்க்கக் கூடாது, ஒரு கையில் பிள்ளை, இன்னொரு கையில் ரப்பர் டியூப், எதை வைத்துத் தட்டுவார்கள்?

எந்த மொழியில் பாடுவது என்பதற்கு எனக்கு ஒரு வழி உண்டு. பார்க்கிங்கில் நிற்கிற செக்யூரிட்டி மாமா பத்தரை மணிக்கு நம்பர் பிளேட் கணக்குச் சொல்லுவார். கேரளா வண்டி இத்தனை, ஆந்திரா இத்தனை, வடக்கே இருந்து டூரிஸ்ட் பஸ் இரண்டு. அதை வைத்துத்தான் அன்றைய லிஸ்ட். கார்த்திகை, மார்கழி என்றால் சபரிமலை முடித்து மாலையைக் கழற்றிவிட்டுக் குமரி பார்க்க வருகிற தெலுங்குக்காரர்கள், கன்னடக்காரர்கள். அதற்காகவே தெலுங்கில் பன்னிரண்டு பாட்டு தமிழில் எழுதி வைத்து மனப்பாடம் செய்தேன். அர்த்தம் தெரியாது. ஒரு சோகப் பாட்டைச் சிரித்துக்கொண்டே இரண்டு சீசன் பாடியிருக்கிறேன், ஒரு நெல்லூர் அம்மா மேடைக்கே வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது.

தொண்டை விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். நம்ம ஊர்க் காத்து உங்களுக்குத் தெரியும், முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளைச் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள். ஆனி, ஆடியில் அந்தக் காத்து மைக்குக்குள் புகுந்து புஸ்புஸ் என்று அடிக்கும். கடல் உப்பில் மைக்கின் கம்பிவலை துருப்பிடித்து, பாடி முடித்தால் உதட்டில் இரும்பு ருசி இருக்கும். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. சுற்றிலும் சத்தம் கூடினால் நம்மை அறியாமலே நம் குரல் ஏறும், கல்யாண வீட்டில் எல்லாரும் கத்திப் பேசுவது அதனால்தான். 1911-லேயே லொம்பார்ட் என்று ஒரு பிரெஞ்சு டாக்டர் இதைக் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார். பெண் குரல் சும்மா பேசும்போதே குரல் நாண் இரண்டும் நொடிக்கு ஏறக்குறைய 200 தடவை ஒன்றோடொன்று மோதும், பாட்டில் மேலே போகும்போது நானூறு தாண்டும். அந்த மோதலை நாளுக்கு இரண்டு, மூன்று மணி நேரம், அருவிச் சத்தத்துக்கும் பிள்ளைகள் கூச்சலுக்கும் மேலே, நம் குரல் நமக்கே கேட்காமல் செய்தால் என்ன ஆகும்? நம் குரல் நமக்குக் கேட்க மேடையில் மானிட்டர் என்று ஒரு சின்ன ஸ்பீக்கர் வேண்டும். ஏழு வருசம் கேட்டேன். கிடைக்கவில்லை.

2011-ல் தொண்டையில் இரண்டு பக்கமும் சின்னதாகக் காய்ப்பு. ஆறு வாரம் வாயே திறக்கக் கூடாது, குசுகுசு என்றும் பேசக் கூடாது, அதுவும் கெடுதல்தான் என்றார் டாக்டர். பாடினால் பேட்டா, பாடாவிட்டால் ஒன்றுமில்லை. ஆறு வாரமும் அம்மை மீன் விற்றுத்தான் வீடு ஓடியது. நான் சிலேட்டில் எழுதிக் காட்டுவேன், அம்மைக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

திரும்பிப் போனபோது என் சொந்தக் காசில் மானிட்டர் வாங்கிக்கொண்டு போனேன்.

அந்த ஓய்வு நாட்களில்தான் பெட்டி டெய்லர் என்ற பாடகியைப் பற்றி ஒரு பத்திரிகையில் படித்தேன். அந்த வருசம் ஜூனில்தான் இறந்திருந்தார். அமெரிக்காவில் டிஸ்னிலேண்ட் 1955-ல் திறந்ததே, அதில் கோல்டன் ஹார்ஸ்ஷூ என்று ஒரு சின்ன அரங்கு. பெட்டி டெய்லர் 1956-ல் அங்கே பாடச் சேர்ந்து, ஏறக்குறைய முப்பது வருசம் ஒரே வேசத்தில் ஒரே நிகழ்ச்சியில் பாடியிருக்கிறார். மொத்தம் 45,000 தடவைக்குக் கிட்ட. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், லீவே எடுக்காவிட்டாலும் நாளுக்கு நாலு. என் கணக்கேதான்! அவரோடு மேடையில் வேடிக்கை செய்த வாலி போக் அதற்கு முந்தின நாள்தான் இறந்தாராம். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே சனம் நிகழ்ச்சி பார்க்கவென்றே உள்ளே வந்து உட்காரும். எனக்கு அப்படி இல்லை.

என் நிலைமைக்கு முன்னோடி டிஸ்னிலேண்டில் இல்லை, இங்கே கொடை விழாவில் இருக்கிறது. பக்கத்து ஊர் அம்மன் கோயிலில் விடிய விடிய வில்லுப்பாட்டு நடக்கும், நாங்கள் பிள்ளைகள் திருட்டுத்தனமாகப் போய்க் கேட்போம். இரண்டு மணிக்கு மேல் பாதிச் சனம் மணலில் துண்டை விரித்துத் தூங்கும். பாட்டுக்கார அம்மா வீசுகோலை ஓங்கி அடித்துப் பாடிக்கொண்டே இருப்பார், கதை சாமிக்கு, நிறுத்த முடியாது. நம்ம ஒழுகினசேரி என்.எஸ். கிருஷ்ணன் காந்தி கதையையே வில்லில் பாடினாரே, அவருக்கு முன்னால் யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள், அது வேறு. நான் நினைத்துக்கொள்வது அந்த இரண்டு மணி அம்மாவைத்தான்.

அப்புறம் குழு தேய்ந்தது. முதலில் தபேலா போனார், பிறகு ரிதம் பேடு. 2016-ல் கீபோர்டு அண்ணனும் போனார், பென்டிரைவ் வந்தது. டிராக் போட்டுப் பாடு என்றார்கள். டிராக்குக்கு அலை சைரன் தெரியாது, நடுவில் இழுக்கவும் முடியாது, குறுக்கவும் முடியாது. இப்போது ரெயின் டான்ஸுக்கு டிஜே வந்தாயிற்று, அந்தத் தம்பி நல்ல பையன்தான், என் நேரத்தில் சத்தத்தைக் குறைத்துவைப்பான். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வந்தபோது எங்கள் கடற்கரையில் வீட்டுக்கு வீடு அழுகை. இருபது நாள் நான் வேலைக்குப் போகவில்லை. சீசன் நேரம், கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஊரில் கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை, நான் போய்த் தண்ணீரில் விளையாடுகிறவர்களுக்கு என்ன பாடுவது? 2020 மார்ச்சில் பார்க்கையே பூட்டினார்கள், அப்போது மாஸ்க் தைத்தேன்.

அப்படியானால் யார்தான் கேட்கிறார்கள் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ஒவ்வொரு குடும்பத்திலும் தண்ணீரில் இறங்காத ஒருத்தர் இருப்பார். பாட்டி, மாசமாக இருக்கிற மருமகள், காலில் கட்டுப் போட்ட மாமா. எல்லாருடைய பையும், செருப்பும், செல்போனும், கண்ணாடியும் அவர் மடியில். அவர் எங்கேயும் எழுந்து போக முடியாது. அந்த அறுபது நாற்காலியில் அலை வந்தாலும் உட்கார்ந்திருக்கிற மூன்று பேர் அவர்கள்தான். என் இருபது வருசமும் அவர்களுக்குத்தான் பாடியிருக்கிறேன். இது புரிந்த பிறகு மெதுவான பாட்டை ஓய்வுக்காகப் பாடுவதை விட்டுவிட்டேன், அவர்கள் முகத்தைப் பார்த்து ஒழுங்காகப் பாடுகிறேன்.

போன ஓணம் லீவில் நெய்யாற்றின்கரைக்காரப் பாட்டி ஒருத்தர், வெள்ளை முண்டும் நேரியதும், மடியில் ஆறு பை. ஆறு தடவையும் அதே நாற்காலியில் இருந்து கேட்டார். கடைசிப் பாட்டு முடிந்து நான் வயரைச் சுருட்டும்போது விரலால் கூப்பிட்டார். பையில் இருந்து இரண்டு மட்டிப்பழம் எடுத்து நீட்டி, "மோளே, அந்த மூணாவது பாட்டு, முதல்ல பாடினப்போ ஒரு வரி விட்டுட்டே. அப்புறம் பாடினப்போ சரியா வந்துச்சு" என்றார், பாதி மலையாளத்தில். நான் விட்ட வரி அது, உண்மைதான், காலை பதினொன்றரைக்கு. இருபது வருசத்தில் அதை யாரும் பிடித்ததே இல்லை. பழத்தை வாங்கிக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் பேரப்பிள்ளைகள் ஏறி வரும் வரைக்கும் இரண்டு பையை நான் பிடித்துக்கொண்டேன்.