உங்க கவுன்சிலர் என்ன செஞ்சாருன்னு எதுல பாக்கறது?

[திரையில: மேசை மேல ஒரு ஜெராக்ஸ் கட்டு, மூலையில வெள்ளை நூல் போட்டு கட்டினது]

வணக்கம். இந்த பேப்பர் கட்ட கொஞ்சம் பாருங்க. மொத்தம் 46 பக்கம். பக்கத்துக்கு 2 ரூபா வீதம் 92 ரூபா கட்டி வாங்கினது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு போட்ட 10 ரூபா தனி. எங்க அம்மா ஊரு, வேலூர்லேர்ந்து பஸ்ல ஒரு மணி நேரம், ஒரு சின்ன நகராட்சி, பேரு இப்ப வேணாம். அந்த ஊரு மன்றக் கூட்டத்தோட மினிட்ஸ், அதாவது நடவடிக்கைக் குறிப்புதான் இது, 2011லேர்ந்து 2016 வரைக்கும் உள்ளதுல எங்க வார்டு வர்ற பக்கங்க மட்டும்.

எதுக்கு இத வாங்கினேன்னா, அந்த வார்டுல அப்ப ஒரு கவுன்சிலர் இருந்தாரு, அவரப் பத்தி தெருவுல கேட்டீங்கன்னா எல்லாரும் ஒரே பேச்சுதான் பேசுவாங்க. "ஓட்டு கேக்க வந்ததோட சரி, அப்பால ஆளயே காணோம்"னு. எங்க பெரியம்மா இன்னும் ஒரு படி மேல, "நம்ம வீட்டு கல்யாணத்துக்கும் வரல, சாவுக்கும் வரல, அவரு இன்னா கவுன்சிலரு"ம்பாங்க. நானும் அத அப்படியே நம்பிட்டுத்தான் இருந்தேன், இந்த 46 பக்கத்த படிக்கற வரைக்கும்.

அத சொல்றதுக்கு முன்னாடி கவுன்சிலர் வேலைன்னா என்னன்னு ஒரு தடவ பாத்துடலாம், ஏன்னா அதுலயே நமக்கு குழப்பம் இருக்கு.

[திரையில: வேலூர் மாநகராட்சி வார்டு வரைபடம்]

வேலூரயே எடுத்துக்குங்க. 1866ல நகராட்சி ஆன ஊரு இது, 2008 ஆகஸ்ட் 1ஆம் தேதி மாநகராட்சி ஆச்சு, அப்பறம் 2011ல சத்துவாச்சாரி, காட்பாடி பக்கமெல்லாம் உள்ள வந்து சேர்ந்துச்சு. இப்ப 60 வார்டு, நாலு மண்டலம். ஒரு வார்டுக்கு ஒரு மாமன்ற உறுப்பினர், நாம கவுன்சிலர்னு சொல்றோமே அவங்கதான். நகராட்சி, பேரூராட்சின்னா மன்ற உறுப்பினர்னு எழுதுவாங்க, வேலை கிட்டத்தட்ட அதேதான்.

குடிதண்ணி, தெருவிளக்கு, குப்பை, கழிவுநீர் கால்வாய், தெரு ரோடு, பூங்கா, சுடுகாடு, இதெல்லாம் அவங்க கேள்வி கேக்க வேண்டிய விஷயம். ஆனா நாம போயி கேக்கறது என்ன? பட்டா மாத்தல, ரேஷன் கார்டு வரல, கரண்ட் போச்சு, ஸ்டேஷன்ல ஒரு வார்த்த சொல்லுங்க. பட்டா தாசில்தார் ஆபீஸு, கரண்ட் மின்வாரியம், ஸ்டேஷன் போலீஸ் துறை. சத்துவாச்சாரி பக்கம் பைபாஸ் சர்வீஸ் ரோட்டுல பள்ளம்னா அது தேசிய நெடுஞ்சாலைக்காரங்க பாக்கணும், கோட்டைக்குள்ள ஒரு பெஞ்சு போடணும்னாகூட தொல்லியல் துறை அனுமதி வேணும். இதுக்கெல்லாம் கவுன்சிலர் சிபாரிசு பண்ணலாம், கூட வரலாம், அவ்ளோதான். திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வு கூட்டத்துல நீங்களே மனு குடுக்கலாம். அதனால இதெல்லாம் நடக்கலன்னு கவுன்சிலர திட்டினா, அவங்க உண்மையிலயே பண்ணாம விட்டது நம்ம கண்ணுல படாமலே போயிடும்.

சரி, அவங்களோட நிஜ அதிகாரம் எங்க இருக்குன்னா மன்றக் கூட்டத்துல இருக்கு, அதவிட குழுக்கள்ல இருக்கு. இந்த இடத்த நல்லா கவனிங்க.

கமிஷனர் ஆபீஸ்லேர்ந்து அஜெண்டா வரும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு பொருள் எண் போட்டு, கீழ அலுவலகக் குறிப்பு இருக்கும், எந்த வேலை, எந்த வார்டு, மதிப்பீடு எவ்ளோ, எந்த நிதியிலேர்ந்து. சில சமயம் ஒரே கூட்டத்துல ஏகப்பட்ட பொருள் வரும், "அனைத்தும் நிறைவேற்றப்பட்டது"ன்னு மேசைய தட்டிட்டு சீக்கிரமா எழுந்து போயிடுவாங்க. அங்க உக்காந்து, இந்த எஸ்டிமேட் ஏன் இவ்ளோ, போன தடவ போட்ட அதே ரோட்டுக்கு இப்ப ஏன் திரும்ப, எங்க வார்டு மனு என்ன ஆச்சுன்னு கேக்கறவங்கதான் வேலை செய்யற கவுன்சிலர்.

குழுன்னு சொன்னேன் இல்ல. மாநகராட்சியில மண்டலத்துக்கு ஒரு மண்டலக் குழு, அந்த மண்டலத்து கவுன்சிலர்ங்க எல்லாரும் அதுல இருப்பாங்க, அவங்களுக்குள்ள ஒருத்தர் தலைவர். அது போக நிலைக்குழுக்கள் இருக்கு, வரிவிதிப்பு நிதிக்குழு, பணிகள் குழு, பொது சுகாதாரக் குழு, நகரமைப்புக் குழு, கல்விக் குழு, கணக்குக் குழு அந்த மாதிரி. எனக்கு கேட்டா கணக்குக் குழுவையும் பணிகள் குழுவையும்தான் மொதல்ல பாக்கணும்னு சொல்லுவேன். ஏன்னா ஒரு தெரு வேலைங்கறது எப்படி நடக்குதுன்னு பாருங்க: உதவிப் பொறியாளர் வந்து அளந்து எஸ்டிமேட் போடுவாரு, அனுமதி வாங்கி டெண்டர் விடுவாங்க, ஒப்பந்ததாரருக்கு ஒர்க் ஆர்டர் போகும், வேலை முடிஞ்சதும் எத்தன மீட்டர் நீளம் எவ்ளோ கனம்னு அளந்து எம் புக்னு சொல்ற அளவுப் புத்தகத்துல எழுதுவாங்க, அத வச்சுத்தான் பில் பாஸ் ஆகும். நடுவுல எங்க வேணும்னாலும் ஓட்ட விழலாம். 2022 ஜூன்ல இதே வேலூர்ல, தெருவுல நின்ன பைக்க நகத்தாம அப்படியே சக்கரத்தோட சேத்து சிமெண்ட் ரோடு போட்டது நாடு பூரா செய்தி ஆச்சு, ஞாபகம் இருக்கும். அது கண்ணுக்கு தெரிஞ்சதால வெளிய வந்துச்சு. கனம் ரெண்டு இஞ்ச் கம்மின்னா யாரு பாப்பா? குழுவுல இருக்கறவங்க எம் புக்க கேட்டு வாங்கி பாத்தாத்தான் உண்டு.

[திரையில: கட்டிலேர்ந்து ஒரு பக்கம், பென்சில் கோடு போட்டது]

இப்ப அந்த 46 பக்கத்துக்கு வரேன். எங்க அம்மா தெரு முனையில ஒரு கால்வாய் குறுக்க போகும், மேல ரெண்டு கருங்கல்லு போட்டிருந்தாங்க, அவ்ளோதான் வழி. ஆட்டோ உள்ள வராது. எங்க பாட்டிக்கு இடுப்பு ஒடிஞ்சப்ப பிளாஸ்டிக் சேர்ல உக்கார வச்சு, அந்த கல்லு மேல நாலு பேரு தூக்கிட்டு போனோம், ஒரு காலு ஈரத்துல வழுக்கி சேரு சாஞ்சப்ப பாட்டி என் சட்ட காலர புடிச்ச புடி இன்னும் எனக்கு ஞாபகத்துல இருக்கு.

அந்த இடத்துல பின்னாடி ஒரு சிறுபாலம் வந்துச்சு. ஆட்டோ என்ன, தண்ணி லாரியே வருது. யாரு செஞ்சாங்கன்னு எங்க யாருக்கும் தெரியாது, திறப்பு விழாவுக்கு வந்த பெரியவங்க பேருதான் கல்லுல இருக்கு. மினிட்ஸ புரட்டினா, "ஓட்டு கேட்டதோட சரி"ன்னோமே அந்த மனுஷன், பதவிக்கு வந்த மொத வருஷத்துலயே சிறுபாலம் வேணும்னு கேட்டிருக்காரு. பதில், "நிதிநிலைக்கேற்ப பரிசீலிக்கப்படும்". அடுத்த வருஷம் திரும்ப கேட்டிருக்காரு, எஸ்டிமேட் போட்டாச்சு. டெண்டருக்கு ஆளு வரல. மூணாவது தடவ எழுந்து, மறு டெண்டர் விடணும்னு அவரே பேசினதா பதிவு இருக்கு, அதுக்கு அடுத்த கூட்டத்துல பொருள் எண் போட்டு தீர்மானமே வந்திருக்கு. அவரு கூட்டத்துக்கு வரலன்னு இருக்கற பக்கம் ரெண்டே ரெண்டுதான்.

படிச்சு முடிச்சதும் மனசு கேக்கல, போய் பாத்தேன். இப்ப சின்னதா ஒரு தையக் கடை வச்சிருக்காரு, எழுபது வயசு கிட்ட இருக்கும். கட்ட நீட்டினதும் கண்ணாடிய நெத்திக்கு ஏத்திக்கினு, "இன்னா தம்பி, இத்தப் போயி காசு குடுத்து வாங்கிக்கினு வந்துக்கிறியே"ன்னாரு. அப்பறம் மெஷின் டிராயர இழுத்து ஒரு பள்ளிக்கூட நோட்டு எடுத்தாரு. அட்டையே இல்ல. உள்ள தேதி தேதியா, யார பாத்தாரு, என்ன சொன்னாங்க, மறுபடி எப்ப வர சொன்னாங்க, எல்லாம் நீல மையில. ஒரு பக்கத்துல அந்த கால்வாய் அகலம் அவரே துணி அளக்கற டேப்ல அளந்து எழுதியிருந்தாரு. கல்யாணத்துக்கு ஏன் வரலன்னு கேட்டேன். "மொய் வெக்க துட்டு லேது நைனா, வெறுங்கையா எப்டி வர்றது"ன்னாரு. எனக்கு பேச்சே வரல.

அவரு காலத்துல கூட்டத்துக்கு வந்தா அமர்வுப் படின்னு ஏதோ கொஞ்சம். மாச மதிப்பூதியமே 2023 ஜூலைலேர்ந்துதான், மாநகராட்சி கவுன்சிலருக்கு 10,000, நகராட்சிக்கு 5,000, பேரூராட்சிக்கு 2,500.

2016ல அவங்க பதவிக்காலம் முடிஞ்சது, தேர்தல் நடக்கல, 2022 பிப்ரவரி 19ல தேர்தல் நடந்து புது ஆளுங்க வர்ற வரைக்கும் தமிழ்நாட்டு நகரங்கள்ல கவுன்சிலரே கிடையாது, தனி அலுவலருங்கதான் ஓட்டினாங்க. அஞ்சு வருஷத்துக்கு மேல மன்றத்துல நம்ம தெரு பேர சொல்ல ஒரு ஆளு இல்ல. அது எவ்ளோ பெரிய இழப்புன்னு இந்த பேப்பருங்கள படிச்சாத்தான் உறைக்குது, ஏன்னா ஒரு பாலத்துக்கே மூணு தடவ எழுந்து நின்னு கேக்க வேண்டியிருக்கு.

இன்னொண்ணு கட்டாயம் சொல்லணும். உள்ளாட்சியில பாதி இடம் பொம்பளைங்களுக்கு. நிறைய வார்டுல போன் பண்ணா எடுக்கறது அவங்க வீட்டுக்காரரு, சைட்டுக்கு வர்றதும் அவரு. நாமளும் அவரத்தான் கவுன்சிலர்னு கூப்பிடறோம், அது நம்ம தப்பு. மன்றத்துல கையெழுத்து போட உரிமை அந்த அம்மாவுக்குத்தான், பேச உரிமையும் அவங்களுக்குத்தான். மனு எழுதும்போது அவங்க பேருக்கு எழுதுங்க, நேர்ல அவங்ககிட்டயே குடுங்க. 2022ல வேலூர் 37ஆவது வார்டுல திருநங்கை கங்கா நாயக் ஜெயிச்சு மாமன்றத்துக்குள்ள போனாங்க, ஜனங்க நம்பி ஓட்டு போட்டாங்க. அப்ப ஜெயிச்சு வந்த ஒரு பொம்பளைய நேரா கூப்பிட்டு பேச நமக்கு என்ன தயக்கம்?

வார்டு கமிட்டி, பகுதி சபான்னும் இப்ப இருக்கு. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்னைக்கு முதல் பகுதி சபா கூட்டம் நடந்துச்சு. வார்டு கமிட்டிக்கு தலைவரே கவுன்சிலர்தான். பகுதி சபாவுல, கிராம சபை மாதிரி நீங்க போயி உக்காந்து பேசலாம், பேசினது பதிவாகணும்னு கேளுங்க. வேலூர் கன்சால்பேட்டை மாதிரி ஏரியாவுல மழைக்கு வீட்டுக்குள்ள தண்ணி வந்தப்பறம் கத்தறதவிட, செப்டம்பர்லயே கால்வாய் தூர் வாரினாங்களான்னு சபாவுல கேட்டு எழுத வச்சா, அது அடுத்த கூட்டத்துல பதில் சொல்ல வேண்டிய விஷயமா ஆயிடும்.

[திரையில: வெள்ளைத் தாள், கையால எழுதின மனு]

இப்ப உங்க வார்டு பேப்பர எப்படி வாங்கறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)னு தலைப்பு போட்டு, உங்க மாநகராட்சி இல்ல நகராட்சியோட பொதுத் தகவல் அலுவலர்னு பெறுநர் எழுதுங்க. ஏன் கேக்கறீங்கன்னு காரணம் சொல்லத் தேவையில்ல. "எங்க கவுன்சிலர் ஏன் வேலை செய்யல"ன்னு கேக்காதீங்க, அது தகவல் இல்ல, பதில் வராது. ஆவணத்த கேளுங்க. இன்ன வருஷத்துலேர்ந்து இன்ன வருஷம் வரை மன்றக் கூட்ட வருகைப் பதிவேட்டு நகல், இன்ன வார்டு சம்பந்தமான தீர்மானங்களோட நகல், அந்த உறுப்பினர் எந்தெந்த நிலைக்குழுவுல இருக்காரு, அந்தக் குழு எத்தன தடவ கூடுச்சு, அதோட நடவடிக்கைக் குறிப்பு. உங்க தெரு வேலை ஒண்ணு முடிஞ்சிருந்தா அதோட எம் புக் பக்கமும் சேத்துக்குங்க. 30 நாள்ல பதில் வரணும், வரலன்னா அதே ஆபீஸ் மேல்முறையீட்டு அலுவலருக்கு இன்னொரு கடிதம். தபால்ல அனுப்பினா ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி ரசீத பத்திரமா வச்சுக்குங்க, மனுவ ஒரு ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்குங்க, 10 ரூபாக்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்ட மறக்காதீங்க.