கெடிலத்தில் ஏழு தரம்

(கடலூரில் லெந்து நாட்களின், அதாவது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தின், வியாழக்கிழமைக் கூட்டம் ஒன்றில் பேசியது. அன்றைக்கு வர முடியாத சிலர் கேட்டதால், பேசியது பேசியபடியே இங்கே.)

எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

உங்களில் பாதிப் பேர் கெடிலம் பாலத்தைத் தாண்டித்தான் வந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான். வரும்போது வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் கீழே பார்த்தேன். மழை முடிந்து மாசக்கணக்காகிவிட்டது, தண்ணீர் வற்றி, ஆகாயத்தாமரை அடைத்து, ஊர்ச் சாக்கடையும் வந்து சேர்ந்து கிடக்கிறது நம் ஆறு. இப்போது ஒன்று நினைத்துப் பாருங்கள். வெளியூரிலிருந்து ஒரு பெரிய அதிகாரி, முன்னால் இரண்டு ஜீப், பின்னால் நாலு கார், தீராத வியாதியோடு உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். நீங்கள் எழுந்து வெளியே வரவில்லை. உள்ளேயிருந்து ஒரு பையனை அனுப்பி, "கெடிலத்துக்குப் போய் ஏழு தடவை முங்கி எழுந்திருக்கச் சொல்லு, சரியாயிடும்" என்று சொல்லி அனுப்புகிறீர்கள். அவர் என்ன செய்வார்?

வேதத்தில் 2 இராஜாக்கள் 5-ம் அதிகாரத்தில் நாகமானுக்கு நடந்தது இதுதான். சீரியா தேசத்து ராஜாவின் படைத்தலைவன். ஜெயித்துக் கொடுத்தவன், ராஜாவுக்கு வேண்டியவன். ஆனால் குஷ்டரோகி. (வேதத்தில் வருகிற அந்த எபிரெயச் சொல் பல தோல் வியாதிகளுக்கும் பொதுவானது. வியாதி வந்தவனைப் பாவி என்று யாரும் இதை வைத்துச் சொல்லிவிடாதீர்கள். தொழுநோய்க்கு இன்றைக்கு மருந்து இருக்கிறது, குணமாகிறது.) இஸ்ரவேலில் ஒரு தீர்க்கதரிசி இருக்கிறார் என்று அவன் வீட்டுக்குச் சேதி சொன்னது யார் தெரியுமா? சிறைபிடித்துக் கொண்டுவந்து வேலைக்கு வைத்திருந்த ஒரு சின்னப் பெண். அவள் பேர்கூட எழுதப்படவில்லை. தன்னைப் பிடித்துக்கொண்டு போன வீட்டுக்கு நல்லது நினைத்தாளே, அவளைப் பற்றி மட்டுமே ஒரு நாள் முழுக்கப் பேசலாம். இன்றைக்கு அதற்குள் போகவில்லை.

அந்தத் தீர்க்கதரிசி எலிசா. நாகமான் வாசலில் வந்து நின்றபோது அவர் வெளியே வரவில்லை. ஆள் அனுப்பினார். யோர்தானில் ஏழு தரம் ஸ்நானம்பண்ணு என்றார். நாகமானுக்குக் கோபம் வந்துவிட்டது. அவன் சொன்னதைக் கவனித்துப் படியுங்கள்: அவர் வெளியே வந்து என் எதிரே நிற்பார், தன் தேவனுடைய பேரைச் சொல்லிக் கூப்பிடுவார், வியாதி இருக்கிற இடத்தின்மேல் கையை அசைப்பார் என்று நினைத்தேனே என்கிறான். தமஸ்குவின் ஆப்னாவும் பர்பாரும் இந்த நாட்டுத் தண்ணீர் எல்லாவற்றையும்விட நல்லதல்லவா என்கிறான். அது பொய்யுமல்ல. ஆப்னா என்பது இன்றைக்குத் தமஸ்குவில் ஓடுகிற பரதா ஆறுதான் என்று பெரும்பாலும் சொல்லுகிறார்கள், மலையிலிருந்து இறங்கி அந்த ஊர்த் தோட்டங்களையெல்லாம் பச்சையாக வைத்திருந்த ஆறு அது. யோர்தானோ கலங்கல் தண்ணீர். ஆற்றைப் பற்றி அவன் சொன்னது சரி, ஆனால் அவன் வந்தது ஆற்றுக்காகவா?

நமக்கும் பெருமை இப்படித்தான் வேலை செய்கிறது என்று நினைக்கிறேன். கடவுளே வேண்டாம் என்று சொல்லுகிற பெருமை நம்மில் நிறையப் பேருக்குக் கிடையாது, அதனால்தானே வேலை முடிந்த களைப்போடு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறோம். கடவுள் வரட்டும், ஆனால் நான் மனசில் வரைந்து வைத்திருக்கிற மாதிரி வரட்டும் என்று நாம் சொல்லுகிறோம் பாருங்கள், அந்தப் பெருமையைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம், ஏனென்றால் அது பக்தி மாதிரியே உடுத்திக்கொண்டு நம் கூடவே கோயிலுக்கு வருகிறது.

அப்போது அவன் வேலைக்காரர்கள் கிட்டே வந்து பேசினார்கள். "என் தகப்பனே" என்று கூப்பிட்டார்கள். அந்தத் தீர்க்கதரிசி பெரிய காரியம் ஒன்றைச் செய்யச் சொல்லியிருந்தால் செய்திருப்பீர் அல்லவா என்று கேட்டார்கள். இந்தக் கேள்வியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், நான் திரும்ப இதற்கு வருவேன்.

அவன் இறங்கினான். யோர்தான் பள்ளத்தாக்கு கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கிற இடம், அங்கே போகிறவன் இறங்கித்தான் ஆகவேண்டும். இனி நான் சொல்லுவது வேதத்தில் எழுதியில்லை, நானாக நினைத்துப் பார்ப்பது. ஆற்றில் இறங்குகிறவன் அங்கியைக் கழற்ற வேண்டும். கவசத்துக்குள்ளே இத்தனை வருஷம் மறைத்துவைத்திருந்த வியாதியைச் சேவகர்கள் கரையில் நின்று பார்த்திருப்பார்கள். முதல் தரம் முங்கி எழுந்தான், ஒன்றுமில்லை. இரண்டாம் தரம், ஒன்றுமில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது என்று அங்கே ஒரு வார்த்தையும் இல்லை, ஏழு தரம் முழுகினபோது சுத்தமானான் என்றுதான் இருக்கிறது. அப்படியானால் ஆறாம் தரம் முங்கி எழுந்தபோதும் அதே தோல், அதே புண், கரையில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அதற்கப்புறமும் ஒருவன் ஏழாவது தரத்துக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான் பாருங்கள், கீழ்ப்படிதல் என்றால் என்ன என்று என்னை யாராவது கேட்டால் நான் அந்த ஆறுக்கும் ஏழுக்கும் நடுவிலே இருந்த நேரத்தைத்தான் காட்டுவேன்.

அவன் மாம்சம் ஒரு சின்னப்பிள்ளையின் மாம்சம் போல ஆயிற்று. எபிரெயத்தில் அங்கே இருக்கிற வினை 'ஷூப்', திரும்புதல் என்று அர்த்தம். அவன் மாம்சம் திரும்பியது என்று வருகிறது. அடுத்த வசனத்திலேயே அதே வினை மறுபடி வருகிறது: அவன் தேவனுடைய மனுஷனிடத்துக்குத் திரும்பினான். பழைய ஏற்பாட்டில் மனந்திரும்புதலுக்கும் இதே சொல்தான். யோர்தானிலிருந்து அப்படியே தமஸ்குவுக்குப் போய்விட்டிருக்கலாம், குணமாகிவிட்டதே. ஆனால் வண்டியைத் திருப்பிக்கொண்டு, கோபித்துக்கொண்டு போன அதே வாசலுக்கு வந்தான். இந்தத் தடவை எலிசாவுக்கு முன்னால் நின்று தன்னை "உமது அடியேன்" என்று சொல்லிக்கொள்ளுகிறான்.

சரி. இந்த அதிகாரத்தை இங்கேயே முடித்துவிடுகிற பிரசங்கங்களை நிறையக் கேட்டிருக்கிறேன். நானே அப்படிப் பேசியும் இருக்கிறேன். ஆனால் அதிகாரம் முடியவில்லை, கேயாசி இருக்கிறான்.

நாகமான் கொண்டுவந்தது பத்துத் தாலந்து வெள்ளி, ஆறாயிரம் சேக்கல் பொன், பத்து மாற்றுத் துணி. ஒரு தாலந்து ஏறக்குறைய 34 கிலோ. எலிசா ஒரு குண்டுமணிகூடத் தொடவில்லை, கர்த்தருடைய ஜீவன்மேல் ஆணையிட்டு வாங்கமாட்டேன் என்றார். அவருடைய வேலைக்காரன் கேயாசி என்ன செய்தான்? அவனும் கர்த்தருடைய ஜீவன்மேல் ஆணையிட்டான். நான் பின்னால் ஓடிப்போய் ஏதாவது வாங்குவேன் என்று. அதே ஆணை, அதே நாமம். வேறு ஒரு தெய்வத்தின் பேரைச் சொல்லி அவன் கெட்டுப்போகவில்லை. சுயநலத்துக்குத் தனி பாஷை வேண்டியதில்லை, நம்முடைய ஜெப வார்த்தைகளையே எடுத்துப் பேசிவிடும். மலைநாட்டிலிருந்து இரண்டு வாலிபர் வந்திருக்கிறார்கள் என்று ஒரு கதை கட்டினான், ஒரு தாலந்து கேட்டான், இரண்டு கிடைத்தது. வீட்டில் ஒளித்துவைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி எஜமான் முன்னால் வந்து நின்றான்.

நான் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். இந்தக் கதையைச் சொல்லி, கேயாசிக்குக் குஷ்டம் பிடித்துக்கொண்டது என்று முடித்தேன். எட்டு வயசுப் பெண் பிள்ளை ஒன்று எழுந்து, "அவர் ஏன் அதைத் திருப்பிக் குடுத்திடல, ஐயா?" என்று கேட்டது. நான் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எலிசா அவனைக் கேட்டாரே, "கேயாசியே, எங்கேயிருந்து வந்தாய்" என்று. எலிசாவுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் கேட்டார் என்றால், தண்டனை கொடுக்கிறதற்கு முன்னால் ஒரு கதவைத் திறந்துவைத்தார் என்றுதான் அர்த்தம். அந்த நொடியில் அவன், ஐயா, தப்புச் செய்துவிட்டேன், பை இரண்டும் வீட்டில் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். எங்கும் போகவில்லை என்றான்.

எனக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் இருந்தது. அதைத்தான் இன்றைக்கு உங்களிடம் சொல்ல வந்தேன்.

2011 டிசம்பர் 30, தானே புயல். இங்கே இருக்கிற பெரியவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலையில் அடித்த காற்றில் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன, வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்போது வெளியூரிலிருந்து சிலர் எங்களிடம் தார்ப்பாய் அனுப்பினார்கள். நாற்பது. யாருக்குக் கொடுப்பது என்று லிஸ்ட் எழுதினது நான், கொடுத்ததும் நான். என் மாட்டுக்கொட்டகையும் கூரை போய்க் கிடந்தது. ராத்திரி பகலாக ஜனங்களுக்காக அலைகிறேனே, எனக்கென்று ஒன்று எடுத்தால் என்ன என்று நினைத்தேன். இரண்டு எடுத்தேன். கடற்கரைக் குப்பத்தில் கருவாடு விற்கிற ஒரு அம்மா, கணவன் இல்லை, பேரப்பிள்ளையை வைத்துக்கொண்டு இருந்தவர், லிஸ்ட்டில் கடைசிப் பேர் அவருடையது. அவரிடம் "தீர்ந்துபோச்சும்மா" என்றேன்.

அதற்கப்புறம் பல வருஷம் இதைச் சொல்லி ஆண்டவரிடம் அழுதிருக்கிறேன். பொய்யாக அழவில்லை. ஒரு வருஷம் லெந்து நாட்களில் முழு உபவாசம் இருந்தேன். கோயிலுக்குப் புது மைக் செட் வாங்க வேண்டும் என்றபோது பாதிப் பணம் நான் கொடுத்தேன், ஏன் கொடுத்தேன் என்று யாருக்கும் தெரியாது, எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். இப்போது அந்த வேலைக்காரர்களின் கேள்விக்கு வருகிறேன். பெரிய காரியம் சொன்னால் செய்திருப்பாய் அல்லவா? செய்தேன், கேட்காமலேயே செய்தேன். ஆண்டவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், தெருவில் கூடை தூக்கிக்கொண்டு போகிற அந்த அம்மாவை நிறுத்தி நாலு வார்த்தை பேசு என்பது. அது ஒன்றைத்தான் என்னால் செய்ய முடியவில்லை, ஏனென்றால் அவர் என்னை "ஐயா" என்று கூப்பிடுகிறவர், அந்த "ஐயா"வை நான் இழக்கத் தயாராக இல்லை. இதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்: எடுத்தது சுயநலம், சொல்லவிடாமல் வாயைப் பொத்தினது பெருமை. ஒன்று திருடியது, மற்றது வாசலில் நின்று காவல் காத்தது.

எண்ணாகமம் 5-ம் அதிகாரத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. ஒருவன் பிறனுக்குக் குற்றம் செய்தால் அறிக்கைபண்ண வேண்டும், முதலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும், அதுவும் குற்றம் யாருக்குச் செய்தானோ அவனுக்கே. லூக்கா சுவிசேஷத்தில் வருகிற வரி வசூலிக்கிறவன் சகேயு, ஏமாற்றி வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். அழுதான் என்று லூக்கா எழுதவில்லை. கணக்குப் போட்டான் என்றுதான் எழுதியிருக்கிறார்.

அந்தப் பிள்ளை கேட்ட வாரமே போனேன். தெருவில் நிறுத்தவில்லை, குப்பத்துக்கு அவர் வீட்டுக்கே போனேன். திண்ணையில் கருவாடு பிரித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். பாதியில் குரல் கட்டிக்கொண்டது, முழுசாகச் சொல்லி முடித்தேன். அவர் கையை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "அப்பவே தெரியும்யா. கூடைய தூக்கிக்கிட்டு உங்க தெருவுல வரும்போது கொட்டாயில நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தத பாத்தன்."

இத்தனை வருஷமும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே என் வீட்டு வாசலில் கூடையை இறக்கி, "ஐயா, இன்னைக்கு நெத்திலி நல்லாருக்கு" என்று எடைக்கு மேல் ஒரு பிடி போட்டுக் கொடுத்திருக்கிறார். நான் எந்த மரியாதையைக் காப்பாற்ற இத்தனை வருஷம் பயந்தேனோ, அது அந்த அம்மாவிடம் எனக்கு இருந்ததே இல்லை. பணத்தைக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் அதைக் கேட்டு வாங்கவில்லை. மன்னிப்பு அவருடையது, கொடுப்பதும் கொடுக்காததும் அவர் இஷ்டம். நான் செய்ய வேண்டியிருந்தது ஆற்றில் இறங்குவது.

இதை ஏன் இந்த மேடையில் சொல்லுகிறேன் என்றால், நம் சபைகளில் மனந்திரும்புதல் என்பது ராத்திரி முழங்காலில் நின்று அழுவதோடு முடிந்துபோகிறது, காலையில் எழுந்து யாருடைய வீட்டுக்கும் நாம் போவதில்லை. அண்ணன் தம்பிக்கு நடுவே வரப்புத் தகராறு அப்படியே இருக்கிறது. மருமகளிடம் சொன்ன வார்த்தை அப்படியே இருக்கிறது. கூட வேலை செய்தவன் பேரைக் கெடுத்தது அப்படியே இருக்கிறது. காணிக்கை மட்டும் கூடுகிறது. மத்தேயு 5-ம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்னதை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம், பலிபீடத்தில் காணிக்கை வைக்க வந்த இடத்தில் உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்றார். கவனியுங்கள், உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று சொல்லவில்லை. அவனுக்கு உன்மேல் இருந்தால்.

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே உங்களில் சிலருக்கு ஒரு முகம் ஞாபகத்துக்கு வந்திருக்கும். அந்த முகத்தைத் தள்ளிவிட்டு இந்தக் கூட்டத்துக்காகப் பொதுவாக ஜெபிக்க வேண்டாம். போன் நம்பர் இருந்தால் போன் பண்ணுங்கள். வீடு பக்கத்தில் இருந்தால் நடந்து போங்கள். முதல் தடவை போனை எடுக்கமாட்டார்கள், இரண்டாம் தடவை வாசலிலேயே நிற்கவைத்துப் பேசுவார்கள், மூன்றாம் தடவை ஏன் வந்தாய் என்பார்கள். நாகமானுக்கு ஏழு.

வழக்கமாக ஒன்பது மணி வரைக்கும் பேசுவேன். இன்றைக்கு இத்தோடு நிறுத்துகிறேன், கடைசிப் பாட்டும் வேண்டாம் என்று பாடகர் குழுவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மணி எட்டுதான் ஆகிறது. யார் வீட்டுக்காவது போக வேண்டியிருந்தால், அவர்கள் இன்னும் தூங்கியிருக்க மாட்டார்கள்.