‘விட்டுவிடுகிறேன்’ என்று நாம் சொன்ன சொல்

(சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டக் குடும்பங்களுக்காகத் தவக்கால மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, பிள்ளைகளே,

இன்னும் சில வாரத்தில் பாஸ்கா இரவு, இயேசு உயிர்த்தெழுந்ததைக் கொண்டாடும் இரவு. எரியும் மெழுகுதிரியைக் கையில் பிடித்து நிற்கும்போது பங்குச்சாமி உங்களைப் பார்த்துக் கேட்பார்: சாத்தானை விட்டுவிடுகிறீர்களா? அவனுடைய செயல்களை விட்டுவிடுகிறீர்களா? அவனுடைய பகட்டுகளை விட்டுவிடுகிறீர்களா? மூன்று முறையும் கோயிலே அதிரும்படி ‘விட்டுவிடுகிறேன்’ என்று சொல்வோம். நம் பாட்டிமார் ‘பசாசை விட்டுவிடுகிறேன்’ என்றார்கள். பசாசு, அலகை, சாத்தான் எல்லாம் ஒருவனையே குறிக்கும் சொற்கள்.

அந்த மெழுகுதிரி அணைந்த கொஞ்ச நாளில் பிள்ளைக்கு விடாத காய்ச்சல் வரும். பக்கத்து லயத்து அக்கா சொன்னார் என்று ஒரு போமோவிடம், அதாவது மலாய் மந்திரவாதியிடம், போய்க் கயிறு கட்டிக்கொண்டு வருவோம். யாரையும் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. பயம் வந்தால் மனிதன் ஓடுவான். ஓடுகிற திசை தெரியாமல் இருப்பதுதான் நம் கஷ்டம். அதனால் பசாசைப் பற்றியும் பேயோட்டுதல் பற்றியும் நம் கத்தோலிக்கத் திருச்சபை என்ன சொல்கிறது, என்ன செய்கிறது என்பதை இன்று உள்ளபடி பார்ப்போம்.

முதலில், பசாசு யார்? 1215-ஆம் ஆண்டு ஆயர்கள் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் இதை வரையறுத்துச் சொன்னது. நல்ல கடவுள் ஒருவர், கெட்ட கடவுள் ஒருவர் என இரண்டு பேர் உலகைப் பங்குபோட்டு ஆள்வதாக அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் ஒரு கூட்டம் போதித்தது. அதற்குப் பதிலாகத்தான் அந்தச் சங்கம் பேசியது: பசாசும் மற்றப் பேய்களும் கடவுளால் நல்லவர்களாகவே படைக்கப்பட்டார்கள், தங்கள் செயலாலேயே கெட்டார்கள். அவன் படைப்பு. அவனுக்கு ஒரு தொடக்கம் உண்டு, ஒரு வரம்பும் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 395-ஆம் எண்ணில் இதையே சொல்கிறது: சாத்தானின் வல்லமை எல்லையற்றது அல்ல. கடவுளுக்கு எதிர்த்தட்டில் அவனை வைக்க முடியாது. எதிரில் நிறுத்துவதானால் அதிதூதர் மிக்கேலைத்தான் நிறுத்த வேண்டும், ஏனென்றால் அவர் வானதூதர், இவன் விழுந்த வானதூதன்.

நம் மனத்துக்குள் இருப்பதை அவனால் நேராகப் படிக்க முடியாது என்று திருச்சபையின் பெரிய இறையியல் அறிஞர் புனித தாமஸ் அக்குவினாஸ் விளக்கினார். முகத்தையும் பழக்கத்தையும் பார்த்து ஊகிக்கலாம், அவ்வளவுதான். நம் விருப்பத்தைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. காதில் ஓதலாம். கதவைத் திறப்பது நாம்.

அடுத்த விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நம் தமிழே இங்கே நம்மைக் குழப்பிவிடுகிறது. ‘பேய்’ என்றால் ஊரில் எல்லாரும் செத்தவர்களின் ஆவியைத்தான் நினைக்கிறோம். அகாலமாகச் செத்தவர், பிரசவத்தில் போனவர், தூக்கில் தொங்கியவர் எல்லாம் அந்த மரத்தடியில், அந்தப் பழைய ஸ்டோர் பக்கம் அலைகிறார்கள் என்போம். விவிலியத்திலும் ‘பேய்’ என்ற சொல் வருவதால் இரண்டும் ஒன்றென்று எடுத்துக்கொள்கிறோம். ஒன்றல்ல. விவிலியம் சொல்லும் பேய் ஒருநாளும் மனிதனாக இருந்ததே இல்லை. இறந்தவர் கடவுளின் தீர்ப்புக்குப் போகிறார் என்று எபிரேயர் கடிதம் 9-ஆம் அதிகாரம் சொல்கிறது. அவர் வழியில் நின்று இன்னொருத்தி உடம்புக்குள் புகுவதில்லை.

தற்கொலை செய்துகொண்டவரின் குடும்பம் ஒன்று உங்கள் வரிசை வீட்டில் இருந்தால் இதை அவர்களுக்குச் சொல்லுங்கள். ‘உங்க மகன்தான் எங்க பிள்ளையைப் பிடிச்சிருக்கான்’ என்று ஒரு தாயிடம் போய்ச் சொல்வதைப் போலக் கொடுமை வேறில்லை. அது பொய்யும்கூட. தற்கொலை செய்தவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது, அவர்களுக்காகத் திருச்சபை செபிக்கிறது என்று மறைக்கல்வி 2283-ஆம் எண்ணில் இருக்கிறது. நவம்பர் 2 அன்று கல்லறையில் மெழுகுதிரி ஏற்றும்போது அந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பசாசின் வேலை இரண்டு வகை. ஒன்று சாதாரணமானது, சோதனை. தினமும் எல்லாருக்கும் வருவது. பொய், பழி, சம்பள நாளில் நேரே சாராயக் கடைக்குப் போகிற கால், அண்ணன் தம்பி பத்து வருஷம் பேசாமல் இருப்பது. மற்றொன்று அசாதாரணமானது. இடத்தையோ பொருளையோ தொல்லைப்படுத்துவது, உடம்பைத் துன்புறுத்துவது, விடாத எண்ணங்களால் மனத்தை நெருக்குவது, கடைசியாக உடம்பையே ஆட்டிவைப்பது. பிடித்தல் என்பது இந்தக் கடைசி ஒன்றுதான். இது மிக அரிது. அப்போதும் ஆன்மாவை அவன் உரிமையாக்கிக்கொள்ள முடியாது. நாமோ அரிதானதற்கு நடுங்கி, தினசரி நடப்பதற்குப் பாய் விரித்துக் கொடுக்கிறோம்.

பேயோட்டும் சடங்கு 1614-ஆம் ஆண்டு உரோமைச் சடங்கு நூலில் ஒழுங்குபடுத்தப்பட்டது. அதில் பேயோட்டும் குருவுக்குச் சொல்லப்பட்ட முதல் புத்திமதி என்ன தெரியுமா? ஒருவருக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று எளிதில் நம்பிவிடாதே. நானூறு வருஷத்துக்கு முந்தைய நூல் அது. அடையாளங்களாக மூன்றைச் சொன்னது: கற்றிராத மொழியை நீளமாகப் பேசுவது அல்லது பேசுபவரைப் புரிந்துகொள்வது, தூரத்தில் நடப்பதையும் மறைந்திருப்பதையும் வெளிப்படுத்துவது, வயதுக்கும் உடம்புக்கும் மீறிய பலம். 1998-இல் வந்த புதிய சடங்கு நூல் இன்னொன்றையும் கவனிக்கச் சொன்னது. கடவுள், இயேசுவின் திருப்பெயர், அன்னை மரியா, புனிதப் பொருள்கள் மேல் கடும் வெறுப்பு. இவை குறிகள்தான், தீர்ப்பு அல்ல. பலம் மட்டும் இருந்தால் போதாது. வெறி கண்ட நோயாளியை நாலு பேர் பிடித்தும் அடக்க முடியாமல் போகும், அது மருத்துவமனையில் தினசரிக் காட்சி. மலாய்ப் பள்ளியில் படித்த பிள்ளை மலாயில் கத்தினால் அது கற்றிராத மொழியும் அல்ல.

தோட்டத்தில் நாம் ‘பிடிச்சிருக்கு’ என்று சொல்கிறவற்றைச் சொல்கிறேன், கேளுங்கள். பல வருஷம் குடித்தவர் திடீரென்று நிறுத்துகிறார். இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், சுவரில் பூச்சி ஊர்வதாகவும் யாரோ கூப்பிடுவதாகவும் சொல்வார். குடியை நிறுத்தியதால் வரும் பிதற்றல் அது. உயிரை எடுக்கும். அவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பிள்ளை பெற்ற சில நாளில் தாய் தூக்கமில்லாமல், சம்பந்தமில்லாமல் பேசி, குழந்தையைப் பார்த்துப் பயந்தால் அதுவும் அவசர நோய். நடுராத்திரி விழிப்பு வந்து கை கால் அசையாமல் நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருப்பதை ‘அமுக்குவான்’ என்போம். மூளை விழித்து உடம்பு இன்னும் உறக்கத்தில் இருக்கும் நிலை அது, சில நிமிடத்தில் போய்விடும். வலிப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மத்தேயு 4:24-ஐ எடுத்துப் பாருங்கள், பேய் பிடித்தவர்கள் ஒரு வகை, வலிப்புக்காரர் ஒரு வகை, முடக்குவாதக்காரர் ஒரு வகை என்று தனித்தனியாகவே எழுதியிருக்கிறார்.

இன்னொன்று. நன்றாக இருந்த இளம்பெண் சில வாரத்தில் குணம் மாறி, கத்தி, வாயைக் கோணி, உடம்பை முறுக்குகிறாள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் நோய் ஒன்றின் போக்கு இப்படித்தான் இருக்கும். 2007-இல்தான் மருத்துவ உலகம் அதற்குக் காரணத்தைக் கண்டு பெயர் வைத்தது. சீக்கிரம் கண்டால் பெரும்பாலோர் தேறுகிறார்கள். இந்தப் பிள்ளையைக் கட்டிப்போட்டு மிளகாய் புகை காட்டினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

ஆகவே முதல் படி அரசாங்க கிளினிக். குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் (ஒரு ரிங்கிட்) கட்டணம். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கும், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடமும் எழுதிக் கொடுப்பார்கள். ‘தஞ்சோங் ரம்புத்தான்’ என்ற ஊர்ப் பெயரையே நம் வட்டாரத்தில் வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். 1911 முதல் மனநோயாளிகளைப் பராமரித்துவரும் ஆஸ்பத்திரி இருக்கும் இடம் அது. அந்தப் பெயருக்குப் பயந்து எத்தனை பேர் வைத்தியத்துக்குப் போகாமல் இருக்கிறார்கள்! நோய், அதிலும் மனநோய், முற்றிலும் வேறு விஷயம், அதைக் கவனிப்பது மருத்துவத்தின் வேலை என்று மறைக்கல்வி 1673-ஆம் எண் சொல்கிறது. மருந்து கொடுத்திருந்தால் யார் செபித்தாலும் மருந்தை நிறுத்தக் கூடாது.

1976-இல் ஜெர்மனியின் பவேரியாவில் 23 வயதுப் பெண் ஒருத்தி இறந்தாள். வலிப்பு நோய்க்கு வைத்தியம் பார்த்தவள். ஆயரின் அனுமதியோடு இரண்டு குருக்கள் 67 முறை சடங்கு நடத்தினார்கள். அவள் சாப்பாட்டை விட்டாள், கடைசி மாதங்களில் மருத்துவர் பக்கத்தில் இல்லை. சாகும்போது எடை சுமார் 31 கிலோ. 1978-இல் நீதிமன்றம் குருக்களையும் பெற்றோரையும் குற்றவாளிகள் என்றது. அனுமதி இருந்தது, பக்தி இருந்தது. அவளுக்குச் சோறும் மருந்தும் போகிறதா என்று பார்க்க ஆள் இல்லை. இதை மறக்கவே கூடாது.

மருத்துவர் பார்த்த பிறகும் விளங்காத அடையாளங்கள் இருந்தால் பங்குச்சாமியிடம் போங்கள். அவர் தானாக அந்தச் சடங்கைச் செய்ய முடியாது. திருச்சபைச் சட்டம் 1172 சொல்வது இது: அந்த இடத்து ஆயரின் தனிப்பட்ட, வெளிப்படையான அனுமதி வேண்டும். பக்தி, அறிவு, விவேகம், நேர்மையான வாழ்க்கை உள்ள குருவுக்கு மட்டுமே அது கிடைக்கும். பேராக்கில் இருக்கும் நமக்குப் பினாங்கு மறைமாவட்ட ஆயர். குருவல்லாத பொதுநிலையினர் யாரும், எவ்வளவு பெரிய செபக்குழுத் தலைவரானாலும், இதைச் செய்ய முடியாது. அனுமதி இல்லாதவர்கள் பேயை நேரே கேள்வி கேட்பதும், ‘உன் பேர் என்ன, எங்கிருந்து வந்தாய்’ என்று விசாரிப்பதும் கூடாது என்று 1985 செப்டம்பர் 29 அன்று வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் ஆயர்களுக்குக் கடிதம் எழுதியது. திருத்தூதர் பணிகள் 19-ஆம் அதிகாரத்தில் ஏழு சகோதரர்கள் இயேசுவின் பெயரை இரவல் வாங்கி ஓட்டப் பார்த்தார்கள். ‘இயேசுவைத் தெரியும், பவுலைத் தெரியும், நீங்கள் யார்?’ என்று கேட்டு அடித்தது அந்த ஆவி. ஆடையில்லாமல் ஓடினார்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் ஒரு நீளமான செபத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திருத்தந்தை 13-ஆம் லியோ வெளியிட்ட, சாத்தானையும் விழுந்த வானதூதர்களையும் அதட்டும் சூத்திரம் அது. பொதுநிலையினர் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதே 1985 கடிதம் சொல்கிறது. ‘அதிதூதரான புனித மிக்கேலே’ என்று அவர் எழுதிய குறுஞ்செபம் வேறு. அதை யாரும் எப்போதும் சொல்லலாம், குடும்பச் செபமாலை முடிவில் சொல்வது நல்ல பழக்கம்.

சடங்கு என்றதும் சினிமா நினைவுக்கு வரும். உண்மையில் அது ஒரு செப வழிபாடு. கூட்டமில்லாத சிற்றாலயம், முன்னே பாடுபட்ட சுரூபம், அதாவது சிலுவையில் அறையப்பட்ட இயேசுவின் உருவம். குரு புனித நீர் தெளிக்கிறார். அது திருமுழுக்கை நினைவூட்ட. பிறகு புனிதர்களின் மன்றாட்டுமாலை, சங்கீதம், நற்செய்தி, தலைமேல் கை வைத்தல். அடுத்து விசுவாசப் பிரமாணம், அல்லது திருமுழுக்கு வாக்குறுதிகள். ஆம், அதே கேள்வி: சாத்தானை விட்டுவிடுகிறீர்களா? பிறகு இயேசு கற்றுக்கொடுத்த பரலோக மந்திரம். ‘தீமையிலிருந்து எங்களை இரட்சித்தருளும்’ என்ற வரியில் தீமை என்பது வெறும் கருத்தல்ல, தீயவனாகிய ஓர் ஆள் என்று மறைக்கல்வி 2851 விளக்குகிறது. அதன் பிறகே பேயோட்டும் சூத்திரங்கள். முதலில் கடவுளிடம் மன்றாடும் சூத்திரம் வர வேண்டும், அதற்குப் பிறகுதான் சாத்தானுக்குக் கட்டளையிடும் சூத்திரம். மன்றாட்டு மட்டும் போதும் என்றால் அதோடு நிறுத்தலாம். கட்டளையை மட்டும் தனியே சொல்லக் கூடாது. ஒரே நாளில் முடியாமல் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியும் வரும். இதில் அடி இல்லை, சாட்டை இல்லை, வேப்பிலை இல்லை, பட்டினி இல்லை, காசும் இல்லை.

இன்னும் ஒன்று. பேயோட்டுதல் திருவருட்சாதனம் அல்ல. புனித நீர், சாம்பல் புதன் சாம்பல் ஆகியவற்றின் வரிசையில் வருவது. குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் திருவருட்சாதனம். ஆயருக்கு மனுப் போட்டு மாதக்கணக்கில் காத்திருக்கும் ஒருவர், சனிக்கிழமை சாயந்திரம் காலியாக இருக்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டியைத் தாண்டிப் போகிறார். அதைவிடப் பெரிய வல்லமை அங்கே சும்மா காத்திருக்கிறது. திருமுழுக்கிலேயே, ஆயத்த எண்ணெய் பூசுவதற்கு முன், நம் ஒவ்வொருவருக்காகவும் பேயோட்டும் செபம் சொல்லியாகிவிட்டது. இப்போது திருமுழுக்குக்குத் தயாராகும் பெரியவர்களுக்கும் தவக்கால 3, 4, 5-ஆம் ஞாயிறுகளில் அப்படியே செபிக்கிறோம்.

‘எங்களுக்குச் செய்வினை வைச்சிட்டாங்க’ என்று வருகிறவர்களுக்கு 1998-இன் நூல் தெளிவான பதில் வைத்திருக்கிறது. அவர்களை விரட்டாதே, ஆறுதலும் செபமும் கொடு, ஆனால் பேயோட்டும் சடங்கைச் செய்யாதே. காரணம் சொல்கிறேன். சடங்கு செய்தால், வைத்தவர் யார் என்ற தேடல் அன்றே ஆரம்பிக்கும். எதிர்வீட்டில் போய் முடியும். கயிற்றையும் தாயத்தையும் கழற்றிச் சாமியிடம் கொடுங்கள். ஆசீர்வதித்த பதக்கத்தையும் தாயத்து மாதிரி ‘கட்டினா போதும்’ என்று நினைத்தால் அதுவும் அதே தப்பு. அதே சமயம் பக்கத்து வீட்டாரின் கோயிலையும் கும்பிடுதலையும் பசாசு என்று பேசாதீர்கள். அப்படிப் பேசச் சொல்லி யாரும் உங்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

கடைசியாக, உங்கள் வீட்டிலோ லயத்திலோ ஒருவர் திடீரென்று கத்தி விழுந்தால் உடனே செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். உதறல் ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 999-ஐக் கூப்பிடுங்கள். ஒருவர் மெதுவாகச் செபமாலை சொல்லட்டும், மற்றவர்கள் வெளியே போகட்டும். கைப்பேசியைப் பையில் வையுங்கள். சடங்கு நடக்கும்போது ஊடகம் எதுவும் இருக்கக் கூடாது, முடிந்த பிறகும் அங்கே இருந்தவர்கள் அதை வெளியே சொல்லக் கூடாது என்று திருச்சபையே விதித்திருக்கிறது. கத்தி விழுந்தது ஒரு பெண்பிள்ளை என்றால், அவள் குணமாகி நாளை மறுநாள் பள்ளிக்கூட பஸ் ஏற வேண்டியவள்.