மிளகும் பொரியும் ஒரே கூண்டில்!

வணக்கம் நண்பர்களே. நேற்றிரவு பத்தரை மணிக்கு எடுத்த காட்சியைத்தான் இப்போது பார்த்தீர்கள். என் கினிப் பன்றி மிளகும், புதிதாக வந்த குட்டி பொரியும் ஒரே கூண்டில் முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்திருக்கின்றன. கார்த்திகையில் துணையாக இருந்த கடுகு இறந்ததிலிருந்து மிளகு புல்லை அரைமனதாகத் தின்றுகொண்டிருந்ததைத் தொடர்ந்து பார்த்து வந்தவர்களுக்கு, நான் நேற்று ஏன் தூங்கவே இல்லை என்பது புரியும்.

இரண்டும் முதன்முதலாகச் சந்தித்த சென்ற காணொளியைப் பார்த்துவிட்டு, “இரண்டும் சண்டை போடுகின்றன, உடனே பிரித்துவிடுங்கள்” என்று பலர் எழுதியிருந்தீர்கள். நீங்கள் பார்த்தது சண்டை இல்லை. வீட்டில் பெரியவர் யார் என்பதை இரண்டும் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தன. மிளகு இடுப்பை அசைத்து அசைத்து, அதிர்வில் வைத்த கைப்பேசியைப் போல உறுமிக்கொண்டே பொரியைச் சுற்றி வந்தது, மேலே ஏறியது, மோந்து பார்த்தது, துரத்தியது. பொரி கீச்சென்று கத்தியதும், அம்மா அதைத் தூக்கப் போய்விட்டார். நான்தான் தடுத்தேன். குட்டி அப்படிக் கத்துவது பெரும்பாலும் வலியால் அல்ல, “நீங்கள்தான் பெரியவர், ஒப்புக்கொள்கிறேன்” என்று சொல்வதற்காக. அந்த நேரத்தில் தூக்கிவிட்டால் பேச்சு பாதியில் நின்றுவிடும். மறுநாள் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

பற்களை விடாமல் கடகடவென்று தட்டினால், பிடரி மயிர் சிலிர்த்து நின்றால், வாயை அகலத் திறந்து பல்லைக் காட்டினால், அப்போது கவனமாக இருக்க வேண்டும். இரண்டும் உருண்டையாகக் கட்டிப் புரண்டாலோ, ரத்தம் வந்தாலோ உடனே பிரித்துவிட வேண்டும். வெறுங்கையை மட்டும் இடையில் விடாதீர்கள். கடி ஆழமாக இறங்கும். அந்தச் சந்திப்பு நடந்த நாற்பது நிமிடமும் நான் தடித்த துண்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

அவற்றை முதலில் சந்திக்க வைத்த இடம் கூண்டு அல்ல, கூடத்தின் தரை. மிளகு அதுவரை கால் வைக்காத மூலையில் பழைய போர்வையை விரித்து, நடுவில் புல்லைக் குவித்து, மேலே கொத்தமல்லித் தழையைத் தூவியிருந்தேன். அட்டைப் பெட்டி வீடுகள் இரண்டிலும் இரண்டிரண்டு வாசல் வெட்டியிருந்தேன். ஒரே வாசல் இருந்தால் உள்ளே போன குட்டியைப் பெரியது வாசலில் நின்று மடக்கிவிடும். முப்பதாவது நிமிடத்தில் மிளகு ஒரு மல்லித் தண்டின் ஒரு முனையைக் கடிக்க, பொரி மறுமுனையைக் கடித்தது. இரண்டும் இழுக்கவில்லை, மென்றுகொண்டே நெருங்கின. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்தப் புல்லைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். இறக்குமதி செய்த திமோத்தி என்னும் உலர்ந்த புல்லைக் கிலோ 780 ரூபாய்க்கு வாங்கினேன். பாதிக்கு மேல் தூளும் தண்டுமாக இருந்தது. இனி அந்தக் கடையில் வாங்கவே மாட்டேன். எங்கள் தெருவுக்கு வரும் கீரைக்காரம்மா அருகம்புல்லைக் கட்டு பத்து ரூபாய்க்குத் தருகிறார். நன்றாக அலசி, தண்ணீர் வடிய உதறி, உலர்ந்த புல்லோடு கலந்து, முதலில் ஒரு பிடி, பிறகு இரண்டு பிடி என்று நாளாக நாளாகத்தான் கூட்டினேன். இரண்டும் போட்டி போட்டுத் தின்கின்றன. ஆனால் சங்கடஹர சதுர்த்தி அன்று அதே கட்டு முப்பது ரூபாய்! பிள்ளையாருக்குப் போக மிச்சம்தான் மிளகுக்கு என்று கீரைக்காரம்மா சொல்லிவிட்டார். இப்போது நாட்காட்டியில் சதுர்த்தியைக் குறித்து வைத்து, முந்தின நாளே மூன்று கட்டு வாங்கிவிடுகிறேன். ஆயுள் முழுவதும் பல் வளர்ந்துகொண்டே இருக்கும், புல்லை மென்றுதான் அதைத் தேய்த்துக்கொள்ளும் பிராணிக்குப் புல் ஒருநாள்கூடக் குறையக் கூடாது.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன், அதுதான் எல்லாவற்றுக்கும் முன்பு செய்தது. பொரி வந்ததும் இரண்டு வாரம் வேறு அறையில் தனியாக வைத்திருந்தேன். பூச்சியோ சளியோ இருந்தால் மிளகுக்குத் தொற்றிவிடக் கூடாது. அந்த இடைவெளியில் கால்நடை மருத்துவரிடம் காட்டி, மிளகைப் போலவே ஆண்தானா என்பதையும் உறுதிசெய்துகொண்டேன். கடைக்காரர் சொன்னதை நம்பி ஆணையும் பெண்ணையும் சேர்த்துவிட்டு இரண்டு மாதத்தில் குட்டிகளோடு திகைத்து நிற்பவர்களை நான் அறிவேன். குட்டிகளே ஒரு மாத வயதுக்குள் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடக்கூடியவை.

இன்னும் இரண்டு யோசனைகள் வந்திருந்தன. இரண்டையும் சேர்த்துக் குளிப்பாட்டினால் ஒரே வாசனை வந்துவிடும் என்றார் ஒருவர். தயவுசெய்து வேண்டாம், ஏற்கெனவே பயந்திருப்பவற்றை நனைத்து நடுங்க வைப்பது நட்பு ஆகாது. துணைக்கு முயல் போதுமே என்றார் இன்னொருவர். முயலின் பின்னங்கால் உதை ஒன்றே கினிப் பன்றியின் எலும்பை முறித்துவிடும். முயலுக்கு ஒன்றும் செய்யாத கிருமி இவற்றுக்கு மூச்சு நோயைத் தரும். வைட்டமின் சி உணவிலிருந்தே கிடைத்தாக வேண்டிய உடல் இவற்றினுடையது, முயலுக்கு அந்தத் தேவை இல்லை. அதனால்தான் தினமும் குடைமிளகாய்த் துண்டு வைக்கிறேன். கினிப் பன்றிக்குக் கினிப் பன்றிதான் துணை. சுவிட்சர்லாந்தில் 2008 முதல் இதைத் தனியாக வளர்ப்பதற்குச் சட்டமே இடம் தருவதில்லை.

கூண்டை வினிகர் கலந்த நீரால் துடைத்து, மிளகின் பழைய வாசனை போன பிறகே இரண்டையும் உள்ளே விட்டேன். ஐந்தடிக்கு இரண்டரையடிக் கூண்டில் தண்ணீர்ப் புட்டி இரண்டு, தட்டு இரண்டு, வீடு இரண்டு. நேற்றுக் காலை சமையலறைத் தராசில் மிளகு 1,040 கிராம், பொரி 410 கிராம். பெரியது தட்டை மறித்துக்கொண்டால் குட்டியின் எடைதான் முதலில் காட்டிக்கொடுக்கும் என்பதால், இந்த வாரம் முழுவதும் தினமும் நிறுத்துப் பார்ப்பேன்.

தனி அறையில் இருந்த இரண்டு வாரமும் பொரி வாயே திறக்கவில்லை. இன்று காலை குளிர்சாதனப் பெட்டியைத் திறந்ததும் மிளகு வழக்கம்போல் வீக் வீக் என்று விசிலடித்தது. அதன் பின்னாலிருந்து, மெல்லிய குரலில், இன்னொரு விசிலும் வந்தது.